குச்சி அண்ணனுக்குச் சேர வேண்டிய பணம்

ஸ்பீக்கர்காரருக்கு ஒரு கடன் இருந்தது. டிரம் வாசித்த ஒருவருக்கு அவர் காசு கொடுக்க வேண்டும். அது கைமாற்றும் அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து, வாசித்தவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட தாளம். தும்மி முடிப்பதற்குள் ஓடிவிடுகிற சின்னத் துண்டு. அதற்கு என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை. யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான்.

அவரைப் பற்றித் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். யாருக்கும் பாக்கி வைக்காத மனுஷன் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ரேடியோ கடையில் கூட்டிப் பெருக்கித் தொழிலுக்குள் நுழைந்தவர், மீசை முளைப்பதற்குள் தானே பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்து வாடகைக்கு விட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவர் பெட்டிக்கு முன்னால் நின்றால் சட்டைப் பொத்தான் ஆடும். இன்று கீழே கடை, மேலே வீடு, வாசலில் சொந்த வேன். ஒரு செங்கல்கூட அப்பன் வைத்துவிட்டுப் போனது கிடையாது. எல்லாம் அவர் கை சம்பாதித்தது.

தாளம் வெட்டும் வேலை அவரிடம் வந்தது தனிக்கதை. மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று, வாடகைப் பாக்கிக்குப் பதிலாக ஒரு கருவியை அவர் தலையில் கட்டியது. மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். எந்த ஓசையையும் அதற்குள் பிடித்து அடைத்துவிடலாம். பொத்தானைத் தட்டினால் தட்டும்போதெல்லாம் அந்த ஓசை வரும். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை அவர் திறக்கவில்லை. திறந்திருந்தால் எழுத்துக் கூட்டியே கிழவனாகியிருப்பார். அழுத்தி, தட்டி, திட்டி, கருவியை வழிக்குக் கொண்டுவந்தார்.

முதலில் பெட்டிகளைச் சோதிக்கத்தான் தாளம் தேடினார். பழைய சாமான் கடையில் இசைத்தட்டுகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். அள்ளிக்கொண்டு வந்து ஓட்டிப் பார்த்ததில் ஜாஸ் தட்டுகள்தான் மனதுக்குப் பிடித்தன. மற்றப் பாட்டுகளில் டிரம்காரர் கடைசிவரை பின்னால் உட்கார்ந்து பாடுபடுவார், அவ்வளவுதான். ஜாஸில் ஒரு இடம் வரும். ஊதுகிறவர், மீட்டுகிறவர், பியானோக்காரர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, இனி உன் பாடு என்று டிரம்காரரைத் தனியே விட்டுவிடுவார்கள். வேறு ஓசை கலக்காத அந்த இடம்தான் வெட்டுவதற்கு வேண்டியது.

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பு மாறி ஒரு வளையமாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, அவர் கண்ணுக்குத் தெரியும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் வரிப்போக்கிலேயே துடைத்து, முள்ளை வைப்பார். வெட்டு, அடி விழுவதற்கு மயிரிழை முன்னால் விழ வேண்டும். தள்ளிப்போனால் அடியின் தலை போய்விடும். ரொம்ப முந்தினால், திரும்பச் சுற்றி வரும்போது தாளம் நொண்டும்.

"என்ன மாமா, இன்னுமா இந்த வெட்டி வேலை?" என்பான் மனைவியின் தம்பி. டீ நேரத்துக்குக் கடைக்கு வந்துவிடுவது அவன் வழக்கம்.

"வெட்டுற வேலைடா இது. வெட்டி வேலை இல்ல."

"அக்கா, உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"கரண்ட் பில் வரும்போது தெரியும்," என்று படிக்கட்டிலிருந்து பதில் வரும்.

அப்படி வெட்டியதில் ஒன்றுதான் இந்தக் கடன். இடித்துத் தள்ளப்பட்ட ஒரு பெரிய ஹோட்டல், அந்தக் காலத்தில் தன் சாப்பாட்டு மண்டபத்து ஜாஸ் குழுவை வைத்து, விருந்தாளிகளுக்குப் பரிசாகக் கொடுக்க அச்சடித்த தட்டு. அதில் டிரம் தனியாக வரும் இடத்தில் ஒரு விசித்திரம். ஒன்று, இரண்டு என்று அடி ஒழுங்காக வரும். மூன்றில் விழ வேண்டிய அடி விழாது. பளிங்குத் தரையில் எதுவோ உருண்டதுபோல் ஒரு கலகல. நாலில் இரண்டு கையும் சேர்ந்து வந்து இறங்கும். கேட்கிறவர் கழுத்து தானாக முன்னால் போய், நாலில் பின்னால் வரும். ஸ்பீக்கர்காரர் அதைச் சுற்றவிட்டு, மேலே நாலைந்து ஓசைகளை அடுக்கி, ஒரு பாட்டே செய்துவிட்டார்.

செருப்புக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்கு அதைக் கேட்டது. கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் தொகையைச் சொன்னதும் மச்சானுக்கு டீ புரையேறியது.

"இதுல இருக்கிற எல்லா ஓசையும் உங்களோடதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்," என்று அந்த அம்மாள் தாளை நீட்டினார்.

ஸ்பீக்கர்காரர் பேனாவைத் திறந்தார். மூடினார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுங்க," என்றார்.

அந்த அம்மாள் போனதும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த ஹோட்டலே இப்ப இல்ல மாமா. யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்டா. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

தட்டின் உறையில் பியானோக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். ஸ்பீக்கர்காரர் தன் கருவியிடமே திரும்பினார். இரைச்சலைக் கழித்து, அந்தத் துண்டை ஏற்றி ஏற்றிக் கேட்டார். மூன்றாவது அடி விழாத அந்தப் பள்ளத்தில், தூரத்தில் ஒரு குரல் அகப்பட்டது. உடனே மாடியிலிருந்து மனைவியை இறக்கினார்.

"கேளு. 'குச்சி அண்ணே'ன்னு கூப்பிடுறாங்க. ஒல்லியான ஆளா இருந்திருப்பாரு."

"எனக்கு எலி கத்துற மாதிரிதான் இருக்கு," என்றார் மனைவி.

ஸ்பீக்கர்காரர் காதை யாரும் சந்தேகப்படக்கூடாது. வேனை எடுத்துக்கொண்டு குச்சி அண்ணனைத் தேடிக் கிளம்பினார். ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டியவர், பரிமாறியவர், வாசலில் நின்ற காவல்காரர் என்று ஒருவரை விடவில்லை. யாருக்கும் அப்படி ஒரு பெயர் நினைவில் இல்லை. ஆனால் குச்சி அண்ணனுக்குப் பணம் காத்திருக்கிறது என்ற செய்தி மட்டும் நன்றாகப் பரவிவிட்டது. அதன் பிறகு குச்சி அண்ணன்கள் தானாகவே வரத் தொடங்கினார்கள்.

"நான்தாங்க குச்சி," என்று வந்தவருக்கு வேட்டியைத் தூக்கி நடக்க முடியாத தொப்பை.

"அப்ப ஒல்லியா இருந்தீங்களா?"

"நூலு மாதிரி."

ஸ்பீக்கர்காரர் கடையில் இருந்த டிரம்களுக்கு முன்னால் உட்காரவைத்து, குச்சிகளைக் கையில் கொடுத்தார். வந்தவர் கொசு அடிப்பதுபோல் நாலு போடு போட்டுவிட்டு, பழக்கம் விட்டுப்போச்சு என்றார். அடுத்து வந்தவர் குச்சியைத் தலைகீழாகப் பிடித்தார். மச்சான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். "ஒரு போர்டு வச்சுடுங்க மாமா. குச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம்னு."

"சிரி, சிரி. அவரு வாசிக்கும்போது நீயும் இங்கதான் உட்கார்ந்திருப்ப."

மாசம் பாதி ஓடியது. வேறு ஆளாக இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பான். ஸ்பீக்கர்காரர் யோசித்தார். மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரே மாதிரி கோட்டு வேண்டும். கோட்டு தானாகத் தைத்துக்கொள்ளுமா? ஹோட்டல் இருந்த வட்டாரத்தில் தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கினார். ஒரு சந்தின் கடைசியில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழுவுக்கு நான்தான் தைச்சேன். குச்சி அண்ணன்னு யாரும் இல்லையே."

"டிரம்மு வாசிச்சாரே, அவருங்க."

"அவருன்னா?" தையல்காரர் ஊசியைக் கீழே வைத்தார். "எல்லாக் கோட்டுக்கும் பொத்தான் வலது பக்கம் வச்சேன். டிரம்முக்கு மட்டும் இடது பக்கம்."

"ஏன், இடது கைக்காரரா?"

"யோவ், பொம்பளைங்க கோட்டுய்யா அது!"

ஸ்பீக்கர்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னார். பஸ் டிப்போவுக்கு எதிரில் லாண்டரி. டிரம் வாசித்த அம்மாளேதான் அதை நடத்துகிறார்.

லாண்டரிக்கார அம்மாளுக்கு அவரைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. பின்னால் துணி இயந்திரங்கள் தடதடத்தன. ஸ்பீக்கர்காரர் வந்த காரியத்தைச் சொல்லி, சின்ன ஸ்பீக்கரை மேஜையில் வைத்துத் துண்டை ஓட்டினார். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி?"

இந்த வயதில் ஒருவர் தம்பி என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "எனக்கா தெரியாது? எங்கேயும் இல்லாத தாளம்க்கா. மூணை வேணும்னே விட்டுட்டு, ஏதோ புது வாத்தியம் வச்சுக் கலகலன்னு..."

"குச்சி கீழ விழுந்துடுச்சு."

"என்னது?"

"கை வேர்த்து வழுக்கிடுச்சு. விழுந்த குச்சி உருண்ட சத்தம்தான் உங்க புது வாத்தியம். பக்கத்துல சொருகி வச்சிருந்த இன்னொரு குச்சியை உருவி நாலுல வந்து சேர்ந்தேன்."

"அப்ப... குச்சி அண்ணே?"

"குச்சி எங்கேன்னு கத்தினான் பியானோக்காரன்."

ஸ்பீக்கர்காரர் துண்டை இன்னொரு முறை ஓட்டிக் கேட்டார். 'எங்கே' என்றுதான் இருந்தது.

"மறுபடி பதிவு பண்ண ஹோட்டல்காரன் காசு தரல. அப்படியே அச்சடிச்சுட்டான்," என்றார் அந்த அம்மாள். "அடுத்த வாரம் என் இடத்துல வேற ஆளு. குச்சி புடிக்கத் தெரியாதவள்னு எனக்குப் பேரு. அந்தத் தப்பை ஊரெல்லாம் போட்டுக் காட்டப் போறீங்களா? காசும் வேணாம், ஒண்ணும் வேணாம். போயிட்டு வாங்க."

அவர் போனார். மறுநாள் ஒரு மூட்டைத் துணியோடு வந்தார். கூலியைக் கொடுத்தார், பேச்சை எடுத்தார், திட்டு வாங்கினார், போனார். அதற்கு மறுநாளும் வந்தார். வீட்டில் பீரோ காலியானது. ஜன்னல் திரைகளைக் கழற்றும்போது மனைவி மறித்தார். "அடுத்து என்னைக் கொண்டுபோய்ப் போடுவீங்களா?"

லாண்டரியில் அந்த அம்மாள் திரையை மோந்து பார்த்தார். "தம்பி, இது நேத்து நான் துவைச்சது."

"இன்னொரு தடவை துவைங்கக்கா. உங்களுக்குக் காசு கொடுக்காம நான் விடுறதா இல்ல."

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

"வெட்டி வேலைதான்க்கா பார்க்கிறேன்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். "தப்பை விக்க மாட்டேன். சரியா வாசிச்சுத் தரேன். அதை எடுத்துக்கிட்டு என்னை விட்டுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஸ்பீக்கர்காரர் வேனில் டிரம்களையும் தன் கருவியையும் கொண்டுவந்து இயந்திரங்களுக்கு நடுவே இறக்கினார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் தடுமாறினார். பிறகு தோள் இறங்கியது, மணிக்கட்டு இளகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு அடியும் ஆணி அடித்ததுபோல் இடத்தில் விழுந்தது. டிரம் இறக்க வந்த மச்சான் ஒரு துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பீக்கர்காரர் அங்கேயே வெட்டினார், பாட்டில் பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். மூவரும் கேட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் கழுத்தும் அசையவில்லை.

"நல்லா இருக்குக்கா," என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

அந்த அம்மாள் அவர் காதைப் பார்த்தார். "ரொம்ப வெளுத்துப் போச்சு," என்றார். "பழசைப் போடுங்க."

போட்டார். ஒன்று, இரண்டு. பள்ளம். கலகல. அந்த இடத்தில் அந்த அம்மாளின் கழுத்து முன்னால் போனது, நாலில் பின்னால் வந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். அதன் பிறகும் ஒரு முறை.

"இதுக்கா என்னை அனுப்பினாங்க?" என்றார். "முட்டாப் பசங்க." குச்சிகளை மேளத்தின் மேல் வைத்தார். "இதுவே இருக்கட்டும். எவ்வளவு தரீங்க?"

"கம்பெனி தரதுல பாதி."

"பாதி வாசிப்புக்கு. தப்புக்கு?"

"தப்புக்குத் தனியாவா?"

"அதானே தம்பி விக்குது?"

ஸ்பீக்கர்காரர் எத்தனையோ பேரோடு பேரம் பேசியவர். இப்படி ஒரு நியாயத்தைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பாதிக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி ஒத்துக்கொண்டார். கம்பெனித் தாளில், எல்லா ஓசையும் என்னுடையது என்ற வரியை அடித்துவிட்டு, தாளம் யாருடையது என்று தன் கோணல் எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளும் போட்டார்.

"கம்பெனிப் பணம் வரட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்."

"அது அவங்க எனக்குத் தர வேண்டியது. இது நான் உங்களுக்குத் தர வேண்டியது. கையை நீட்டுங்க."

அந்த அம்மாள் கையை நீட்டினார். சோப்பில் ஊறி வெளுத்த உள்ளங்கை. ஸ்பீக்கர்காரர் சட்டையின் உள்பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, எச்சில் தொட்டு, முதல் தாளை வைத்தார்.

"ஒண்ணு."

அடுத்த தாள். "ரெண்டு."

கை அந்தரத்தில் நின்றது. வேண்டுமென்றேதான். பிறகு ஒரு தாளை வைத்து, "நாலு," என்றார்.

"மூணு எங்கே?" என்று கத்தினார் அந்த அம்மாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

மச்சான் சிரித்த சிரிப்பில் டிரம்மே அதிர்ந்தது. ஸ்பீக்கர்காரர் விடுபட்ட தாளையும் உருவி அந்த உள்ளங்கையில் வைத்து, மீதியை ஓர் அடி தவறாமல் கடைசித் தாள் வரை எண்ணினார்.