அத்தை மகனுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்

காய்ச்சல் இறங்கிவிட்டது என்றால் எல்லா வீட்டிலும் மூச்சு திரும்பி வரும். எனக்கு அப்போதுதான் மூச்சு நிற்கும். போன வாரம் என் மகள் பள்ளி முகாமுக்குப் போய் மூன்று நாள் காட்டோரம் தங்கிவிட்டுக் காய்ச்சலோடு வந்தாள். நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது. கணவர் சந்தோஷமாக ரொட்டி சானாய் வாங்கக் கிளம்பினார். நான் மகளின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, அவள் எத்தனை முறை சிறுநீர் கழித்தாள் என்று நாட்காட்டி ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "அம்மா, நீங்க ரொம்ப ஓவர் லா" என்று சிரித்தாள். அவள் பள்ளிக்குத் திரும்பி இரண்டு நாளாகிறது. நாட்காட்டிக் கோடுகளை நான் இன்னும் அழிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சிங்கப்பூர் ரயில் நின்று போகும் பாலோ என்ற சின்ன ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா ஸ்டேஷனில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. அவருடைய தங்கை, என் அத்தை, நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே வேலை, கல்யாணம் என்று தங்கிவிட்டவள். பதினோரு வருஷம் கழித்து ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஆறு வாரம் எங்களோடு இருக்க வந்தாள். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

அத்தை கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுக்க மருந்து. மாத்திரை, களிம்பு, பஞ்சு, கொசுவலை, தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்று உடைந்தால் இன்னொன்று. அவற்றின் மேல், வெப்ப நாடுகளுக்குப் பயணம் போகிறவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. அதில் சொன்ன 'வெப்ப நாடு' எங்கள் வீடுதான் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

பையனுக்குக் கொதிக்க வைக்காத தண்ணீர் கூடாது. ஐஸ் கூடவே கூடாது. வெட்டி விற்கும் பழம், வெளிக்கடைச் சாப்பாடு எதுவும் கூடாது. பொழுது சாயும்போது கை காலெல்லாம் களிம்பு, படுக்கும்போது வலை. புத்தகத்தில் மலேரியா பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். பகலில் கடிக்கும் கொசுவைப் பற்றியும் அதில் எங்காவது இருந்திருக்கும். அந்தப் பக்கம் மடிக்கப்படவில்லை.

அம்மாவுக்கு மனசு கொஞ்சம் புண்பட்டுத்தான் போனது.

"இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே நீயும் வளந்த?"

"என் உடம்பு பழகின உடம்பு அண்ணி. அவன் உடம்பு பழகல."

"சரி. குடிக்கிறதுக்குக் கொதிக்க வச்சுத் தரேன்."

"குளிக்கும்போது வாயத் தொறந்துக்கிட்டே இருப்பான் அண்ணி. பாதித் தண்ணி உள்ளதான் போகும்."

"அப்ப குளிக்கிற தண்ணியவும் கொதிக்க வச்சிருவமா?" என்றாள் அம்மா, குத்தலாக.

இத்தனை வருஷத்தில் அத்தைக்கு எங்கள் வீட்டுக் குத்தல் பேச்சு மறந்து போயிருந்தது. "முடியுமா அண்ணி?" என்று முகம் மலரக் கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை விழுங்கினார். அம்மா அகப்பட்டுக்கொண்டாள்.

மறுநாளே அப்பா ஸ்டேஷன் மாஸ்டரின் காரில் மண்சாடிகளுக்குப் பேர்போன ஆயர் ஈத்தாம் வரை போய், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெரிய சாடி வாங்கி வந்தார். பழுப்பு நிறத்தில் பளபளவென்று, உடம்பில் ஒரு டிராகன் வளைந்து ஓடும் சாடி. குளியலறைக்குப் பின்னால் நிழலான இடத்தில் அதை வைத்து, மேலே ஒரு கனத்த பலகையை மூடியாகப் போட்டார். தினமும் இரவில் அம்மா பின்கட்டு அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். விடியுமுன் அப்பா ஆறிய தண்ணீரைச் சாடியில் ஊற்றிவிட்டு வேலைக்கு ஓடுவார். "கோயில்ல சாமிக்குக்கூட பச்சத் தண்ணியிலதான் அபிஷேகம்" என்று அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்வாள். ஆனால் ஒரு நாள்கூடக் கொதிக்க வைக்காமல் விட்டதில்லை.

சாடியிலிருந்து வாளியில் மொண்டு அத்தை மகனைக் குளிப்பாட்டுவது என் வேலை. பலகையை ஒவ்வொரு முறையும் தூக்கி வைக்க என் கைக்குப் பலம் போதவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அதை ஒரு பக்கமாகத் தள்ளி, இரண்டு கை அகலத்துக்குத் திறந்தே விட்டுவிட்டேன். அந்த இருட்டு மூலையில், அவசரமாகத் தண்ணீர் ஊற்றும் அப்பாகூட அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் போல ஆனபோது அவன்தான் முதலில் பார்த்தான். சாடியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "பிஷ்! அக்கா, பிஷ்!" என்று கத்தினான். எட்டிப் பார்த்தேன். கொதித்து ஆறிய அந்தக் கண்ணாடித் தண்ணீரில், நூல் நூலாக, நெளிந்து நெளிந்து மேலே வருவதும் உள்ளே போவதுமாக ஏதோ உயிர்கள். கைதட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் அடியில் போய் ஒளிந்தன. அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் அவை மீனாகிவிட்டன. நான் பெரியவள் என்பதால் சட்டம் போட்டேன். மீனை யாரிடமும் சொல்லக்கூடாது. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும், பலகையை மூடக்கூடாது. மொள்ளும்போது ஒரு மீன்கூட வாளியில் வந்துவிடாதபடி, மேலாக, மெதுவாக மொண்டேன். அத்தனை பொறுப்பாக அதற்கு முன் நான் எதையும் செய்ததில்லை.

இன்னொரு ரகசியமும் எங்களுக்குள் இருந்தது. சனிக்கிழமைகளில் அவனைச் சாலையோரக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். துருவிய ஐஸ் மலை மேல் சிவப்புப் பாகு வழிவதைப் பார்த்து, "ஸ்நோ!" என்றான். அவன் ஊரில் சும்மா விழுந்து கிடக்கும் பொருளை எங்கள் ஊரில் இனிப்பும் சோளமும் போட்டு விற்கிறார்கள் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. மூன்று சனிக்கிழமை சாப்பிட்டோம்.

நான்காம் வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

அத்தை இரண்டு தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையே சொல்லின. டவுன் கிளினிக்கில் மருந்து கொடுத்து, இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதான். அத்தை மலேரியா பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான் சாமி அறையில் நின்று, இனி வாழ்நாளில் ஐஸ் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவனைக் கொன்றுகொண்டிருப்பது ஐஸ் கச்சாங் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. வீடே லேசானது. அத்தை மூன்று நாளாக வாராத தலையை வாரிக்கொண்டாள். "அலமாக், பயமுறுத்திட்டான்லா பய" என்று அப்பா அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனார். கிளினிக்குக்கு மறுபடி போக வேண்டாம் என்று ஆனது. காய்ச்சல்தான் இல்லையே.

அம்மா மட்டும் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை உற்றுப் பார்த்தாள். அதில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அவன் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறில் ரத்தம். பாதத்தைத் தொட்டாள்.

"ஏம்மா, இங்க வா. கால் ஜில்லுன்னு இருக்கு."

"காய்ச்சல் விட்டுருச்சுல்ல அண்ணி, அதான்."

"விட்டா புள்ள எழுந்து ஓடும். இவன் முகத்தப் பாரு. கடைசி வீட்டுப் புள்ளைக்கும் போன மாசம் இப்படித்தான் விட்டுச்சு. அப்புறம்தான் அள்ளிக்கிட்டு ஓடுனாங்க."

அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை அங்கேயே நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் நர்ஸ் முகம் போய் வெறும் அம்மா முகம் வந்ததை நான் பார்த்தேன். "அண்ணி, நாடியே சரியாக் கிடைக்கல" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

மறுபடி ஸ்டேஷன் மாஸ்டரின் கார் வந்தது. குளுவாங் ஆஸ்பத்திரிக்கு. கார் நகர்ந்தபோது நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். "அத்தை! நான்தான் ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தேன்! மூணு தடவ! நான்தான்!" அத்தை என்னைப் பார்த்தாள். அவள் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியவில்லை. அம்மா என்னைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டாள்.

டெங்கி என்றார்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் இதில் கண்டம், இன்னும் அரை நாள் வீட்டில் வைத்திருந்தால் பையன் தங்கியிருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு நாள் அவன் உயிர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே தெரியாமல் கிடந்தான். மூன்றாம் நாள் குடிக்க மைலோ கேட்டான்.

மாற்றுத்துணி எடுக்க அத்தை அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். அதே நேரம் சுகாதார இலாகா ஆட்கள் இரண்டு பேர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பூந்தொட்டியின் தட்டு, பழைய டயர் எல்லாம் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் பின்னால் போனார்கள். டார்ச் அடித்து, வெள்ளைக் குவளையில் மொண்டு அப்பாவிடம் காட்டினார்கள்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்றாள் அத்தை.

"கொசுக் குஞ்சாம். இந்தக் கொசு சாக்கடையில வராதாம். தெளிஞ்ச தண்ணியிலதான்..." அப்பா பாதியில் நிறுத்திவிட்டார்.

சாடியைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவி ஓடியது. என் மீன்கள் அத்தனையும் வெயிலில் துடித்தன. நான் வாய்விட்டு அழுதேன். அத்தை ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "உன்னால இல்லடா கண்ணு. ஐஸ்னால இல்ல. நீ ஒண்ணும் பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் மீன்கள் மேல் பாசம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அது அந்தச் சாடியில் பிறந்த கொசுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கடைசி வீட்டில் ஏற்கெனவே டெங்கி இருந்தது. ஆனால் அத்தைக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய நாள், சிங்கப்பூர் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றோம். இளைத்துப்போன அத்தை மகன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"எல்லாம் நான் இழுத்து வச்ச வினை அண்ணி. கொதிக்க வைங்க, கொதிக்க வைங்கன்னு உங்க உயிர எடுத்தேன். நான் அந்தத் தண்ணியக் கேக்கலன்னா என் புள்ளைக்கு இது வந்திருக்காது. நீங்க பாக்கலன்னா போயே போயிருப்பான்."

"விடும்மா. மூடித்தானே வச்சிருந்தோம். கொசு எப்படித்தான் உள்ள போச்சோ, யாரு கண்டா?" என்றாள் அம்மா.

நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படிப் போனது என்று கண்டவள் நான் ஒருத்திதான். ஆனால் அது சொல்ல வேண்டிய ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைத்தான் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடிச் சொல்லிவிட்டேனே. ரயில் நகர்ந்தது. அத்தை ஜன்னலிலிருந்து அழுதுகொண்டே கையை ஆட்டினாள். எல்லா உண்மையையும் சொல்லிவிட்ட பிள்ளையின் நிம்மதியோடு நானும் கையசைத்தேன்.