கடைமடையிலிருந்து தொடங்கினோம்

‘வெள்ளிக்கிழமையோடு இந்தத் தளம் மூடப்படும்’ என்று ஒரு சிவப்பு வரி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓர் அரசுத் துறையின் பழைய இணையதளம். டெல்டாவின் வாய்க்கால்கள் எல்லாம் ஊர்வாரியாக அதில்தான் இருந்தன. அன்று திங்கட்கிழமை. எனக்குக் கை பரபரத்தது.

மூடப்போகும் அரசுத் தளங்களைப் பொது இணையக் காப்பகத்தில் சேமித்து வைப்பது எங்கள் ஆறு பேருக்குப் பொழுதுபோக்கு. என் வீட்டில் இதற்கு ‘வேலையத்த வேலை’ என்று பெயர். நான் கல்லணைப் பக்கம், கல்லூரி நூலகர். புதிதாகச் சேர்ந்திருந்த அக்கா முத்துப்பேட்டை பக்கம். இ-சேவை மையம் வைத்திருப்பவர், கொஞ்சம் நிலமும் உண்டு. அவர் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது.

“எங்க வாய்க்கால் புது வெப்சைட்டு லிஸ்ட்ல இல்லைங்க. இல்லாத வாய்க்கால எப்படிம்மா தூர் வார்றதுன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. பழசுல பாத்திருக்கேன். ஏதோ பக்கத்து ஊர்க் கணக்குல போட்டிருந்தாங்க, எந்த ஊருன்னுதான் தெரியல.”

தானாகச் சேமிக்கும் நிரலை ஏவிப் பார்த்தோம். முகப்புப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றது. வட்டம், ஊர் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால்தான் பட்டியல் வரும். மனிதர்கள் உட்கார்ந்து சொடுக்க வேண்டும். சொடுக்கச் சொடுக்கப் பதிவு செய்ய ஒரு கருவி உண்டு. நான் உற்சாகமாக அட்டவணை போட்டேன். கல்லணையில் ஆரம்பித்து, தண்ணீர் போகும் வழியே, கடைசியில் கடல். அழகாக இருப்பதாக நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா போன் செய்தார். “தண்ணிதான் எங்களுக்குக் கடைசியா வருது. இதுலயும் நாங்க கடைசியாங்க?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. தண்ணீரை முதலில் பார்க்கும் தலைமடைக்காரன் புத்தி, வேறென்ன.

“எங்க பக்கம் தண்ணிக்கு முறை வச்சா கடைமடைக்குத்தான் மொத முறை. மேல உள்ளவங்க மடைய அடச்சுட்டுக் காத்திருப்பாங்க” என்றார்.

அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டினேன். ஆறு பேரும் கடலோரத்திலிருந்து மேலே ஏறினோம். தளம் நத்தை வேகம். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஊராகக் காப்பகத்தில் சேரச் சேர எனக்குச் சாப்பாடே மறந்துபோனது. புதன்கிழமை மதியம் போனில் அக்காவின் குரல் வந்தது.

“கெடச்சிருச்சுங்க. ரெண்டு ஊர் தள்ளி ஒளிஞ்சு கெடந்துச்சு.”

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே.

‘வெள்ளிக்கிழமையோடு’ என்றால் அன்று மாலை வரை என்று நம்பியிருந்தோம். காலையிலேயே தளம் போய்விட்டது. ஒரே ஒரு வட்டம் மீதி. என்னுடையது. என் அட்டவணைப்படி போயிருந்தால் பறிபோயிருப்பது அக்காவின் ஊர்.

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அக்கா காப்பகத்தின் பிரதியை நீட்டினார். அதிகாரி அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைப் பார்த்தார், சேமித்த தேதியைப் பார்த்தார், “சேத்துரலாம்மா” என்றார். பத்து நாளில் பொக்லைன் இறங்கியது. மேட்டூர் திறந்து, தண்ணீர் ஊர் ஊராக இறங்கி, ஒரு காலையில் அக்காவின் போன்.

“வந்துருச்சுங்க. கால நனச்சுட்டுத்தான் பேசுறேன்.”

தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்தினேன்.

“சரி, உங்க வாய்க்கால் பேரு சொல்லுங்க. புது லிஸ்ட்ல இருக்கான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. இத்தனை நாளில் அது தோன்றவே இல்லை. பேரைச் சொன்னேன். அவர் தேடுவது காதில் கேட்டது.

“இல்லைங்களே.”

எங்கள் வட்டத்தின் பழைய பக்கமும் காப்பகத்தில் இல்லை. அவர்தான் வழி சொன்னார்.

“இப்ப தண்ணி ஓடுதுல்ல? போயி சாட்சிக்குப் படம் எடுத்து வைங்க. அடுத்த கூட்டத்துக்கு நானும் வர்றேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன்.