சந்தனம் அடைத்த பூட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பிக் கன் இருக்கிறது. ஸ்டேப்ளரையும் பொம்மைத் துப்பாக்கியையும் சேர்த்துச் செய்தது மாதிரி இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய எஃகு ஊசி 'டக்'கென்று துள்ளி இறங்கும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பூட்டின் சாவித் துவாரத்தில் அந்த ஊசியை நுழைத்துத் துள்ள வைத்தால் சாவி இல்லாமலே பூட்டு திறந்துவிடும் என்று அது வந்த அட்டைப்பெட்டி அடித்துச் சொன்னது. ஊசி கைப்பிடியோடு சேரும் இடுக்கில் மஞ்சளாக ஒரு துளி காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மூன்று வருஷமாக நான் துடைக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்துப் புவியியல் டீச்சர் ஞாபகத்துக்கு வருவார்.

நான் இயற்பியல் வாத்தியார். வீடு பெரம்பலூரில், வேலை அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில். பூட்டு திறப்பது எனக்குத் தொழிலும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு கோடை விடுமுறையில், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் கண்ணாடி மாதிரியான பூட்டை யாரோ ஒருவர் கம்பியால் திறப்பதை ஃபோனில் பார்த்தேன். இருபது வருஷமாக விசை, உராய்வு, உந்தம் என்று தொண்டை வறளப் பாடம் நடத்துகிறவன், தினமும் திருகுகிற பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதே மாதிரிப் பூட்டு ஒன்றையும் பிக் கன்னையும் ஆன்லைனில் வரவழைத்தேன். பார்சலைப் பிரித்துப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இதப் பாத்துட்டு போலீஸ் வந்தா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள். அவளுக்காகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் சொந்தப் பூட்டு, இல்லாவிட்டால் பொறுப்பில் இருப்பவர் வந்து கேட்கும் பூட்டு, இந்த இரண்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

விதி வைத்தேனே தவிர, தொட்ட பூட்டு எதுவும் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியை நம்பி முதல் நாளே எங்கள் வாசல் கதவில் பரீட்சை பார்த்தேன். அரை மணி நேரம் டக் டக்கென்று அடித்ததில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கதவுல பல்லி ஏதும் மாட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டார். நம் வீட்டுப் பூட்டுகளில் பல, உள்ளே தகடு தகடாக அடுக்கியவை என்பதும், அவற்றை இந்தத் துப்பாக்கி ஆயுசுக்கும் அடித்தாலும் அசைக்க முடியாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. இது பின் வைத்த பூட்டுக்கு மட்டும்தான். அந்த வகையில், சாவி நுழையும் உருளையைச் சுழல விடாமல் பித்தளைப் பின்கள் குறுக்கே இறங்கி நிற்கும். ஒவ்வொரு பின்னும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு துண்டு. ஊசி கீழ்த்துண்டை அடித்தால் அது அங்கேயே நிற்கும், மேல்துண்டு மட்டும் எகிறும். கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் இரண்டு காய்களில் ஒன்றை அடித்தால் அடுத்தது ஓடுகிறதே, அதேதான். எல்லா மேல்துண்டுகளும் எகிறியிருக்கும் அந்தக் கண நேரத்தில், வளைந்த கம்பி ஒன்றால் உருளையைத் திருப்பிவிட வேண்டும்.

மூளைக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது. கைக்குத்தான் புரியவில்லை. கம்பியை அழுத்தினால் பின்கள் இறுகிப்போய் எகிறாது. விட்டுப் பிடித்தால் எகிறியது அப்படியே திரும்ப விழுந்துவிடும். எனக்கு எப்போதும் அழுத்தம்தான் அதிகம். மூன்று வாரம் கழித்து அந்தக் கண்ணாடிப் பூட்டு ஒரே ஒரு தடவை திறந்தது. மனைவியைக் கூப்பிட்டு வந்து காட்டியபோது மறுபடி திறக்க மறுத்துவிட்டது. அவள் நின்று பார்த்துவிட்டு, குக்கரில் விசில் வருகிறது என்று போய்விட்டாள்.

பள்ளி திறந்ததும் அந்தப் பூட்டை ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துப் போனேன். எங்கள் பி.டி. மாஸ்டர், "ரிடையர் ஆனப்புறம் சைடு பிசினஸா சார்?" என்று ஆரம்பித்துவைக்க, ஒரு வாரம் அதுவே பேச்சாக ஓடியது. சிரிக்காதவர் புவியியல் டீச்சர் மட்டும்தான். திருமானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குடையும் துணிப்பையும் கையை விட்டு இறங்காது. கரும்பலகையில் இந்தியாவின் வரைபடத்தைக் கை எடுக்காமல் ஒரே கோட்டில் போடுவார். முறுக்கு மாதிரி வரைகிற பிள்ளைகளிடம், "சாக்பீஸ அழுத்தாத. லேசா வுடு, அதுவா போகும்" என்பார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் மன்னித்துவிடுவார். எழுதாமலே எழுதினேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளை அன்று தொலைந்தது. பொய் சொல்கிறவன் முகத்தைப் பார்த்தாலே தனக்குத் தெரியும் என்பார். பிள்ளைகள் என்ன, நாங்களே நம்பினோம். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதிவிட்டு அவர் எதிரில் நிற்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஒரு மதியம், ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் மேசைக்கு வந்தார். "அந்தத் துப்பாக்கி எல்லாப் பூட்டையும் தெறக்குமா சார்?" என்றார். எந்தப் பூட்டு என்று கேட்டேன். புவியியல் அறை பீரோ என்றார். "சாவி தொலஞ்சுபோச்சா டீச்சர்?" என்றேன்.

"தொலயல. எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும்."

"எங்க?"

"உள்ள."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அந்த பீரோவில் தொங்குவது, சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் சின்னப் பித்தளைப் பூட்டு. ஆறு வருஷத்துக்கு முன் பள்ளியில் கண்காட்சி நடந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல் தோண்டினாலும் கடல் இருந்த காலத்துச் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகக் கிடைக்கும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் அப்பா கிணறு வெட்டும்போது கிடைத்த, நத்தை போலச் சுருண்ட கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வைத்தார் டீச்சர். அன்று சாயங்காலம் பிள்ளைகளோடு எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கும்போது, சாவியை நடுத்தட்டில் வைத்துவிட்டுச் சீட்டு எழுதி ஒட்டினார். மறுநாள் பார்த்தால் பூட்டு பூட்டியிருக்கிறது, சாவி கையில் இல்லை.

"அன்னைக்கே ஹெச்.எம்.கிட்ட சொல்லி ஒடச்சிருக்கலாம் சார். நாளைக்கு, நாளைக்குன்னு வுட்டுட்டேன். வருஷக் கடைசியில பீரோவத் தெறந்து எல்லாத்தையும் பாத்தாச்சுன்னு கையெழுத்துப் போடணும். போட்டுட்டேன். ஒரு தடவ போட்டப்புறம் எப்புடி ஒடைக்கிறது?" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்த முதல் வாரம் வந்து நிற்பாளாம். பீரோவைப் பார்த்துக்கொண்டே, கல் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பாளாம். "பூட்டித்தான் வச்சிருக்கேன், பத்திரமா இருக்குன்னு சொல்லுவேன். அதுல ஒரு வார்த்த பொய்யில்ல சார். ஆனா மொத்தமும் பொய்தான்." அவள் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். பாறைகளைப் பற்றியே படிக்கப் போகிறாளாம். டீச்சரின் பிரிவு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கல்லை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், பூட்டும் உடையக் கூடாது. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லோர் பொய்யையும் கண்டுபிடித்தவர் ஆறு வருஷம் இப்படி ஒன்றைச் சுமந்திருக்கிறார் என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், முதல் முறையாக நிஜமான பூட்டு ஒன்று கிடைத்ததில் உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, தேர்வு வேலைகள் முடிந்து பள்ளி காலியாக இருந்தபோது போனேன். பிக் கன்னைத் துண்டில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யார் பார்த்தாலும் பையை மடியில் அணைத்துக்கொண்டேன். புவியியல் அறையில் டீச்சர் ஜன்னல்களைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சாலையில் சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் சுவரிலிருந்த உலக வரைபடம் லேசாக ஆடியது. ஊசியை விட்டேன், கம்பியைப் பிடித்தேன், அடித்தேன். ஐம்பது தடவை, நூறு தடவை. என் கண்ணாடிப் பூட்டில் அடிக்கும்போது உள்ளே பின்கள் குதிப்பது விரலுக்குத் தெரியும். இதில் சுவரில் அடிப்பது மாதிரி இருந்தது. ஊசியை வெளியே எடுத்தபோது நுனியில் மஞ்சளாக மாவு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

எங்கள் பள்ளியில் ஆயுத பூஜைக்கு ஒன்றும் தப்பாது. மணி, தராசு, கம்ப்யூட்டர், கேட்டுப் பூட்டு, பீரோப் பூட்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. தினமும் திறக்கிற பூட்டில் சாவி போய் வந்து துவாரம் சுத்தமாகிவிடும். இதற்குள் சாவியே போகவில்லை. அதோடு, "இதுக்கு மட்டும் நானே வைப்பேன் சார், கொஞ்சம் நெறயவே வைப்பேன்" என்றார் டீச்சர், என் முகத்தைப் பார்க்காமல். பூட்டு புழக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரிய வேண்டுமே என்று ஆறு பூஜைக்கும் அப்பி அப்பி வைத்திருக்கிறார். மறைக்க வைத்த சந்தனமே உள்ளே கட்டியாகிப் பின்களைப் பிடித்து வைத்திருந்தது.

பள்ளி ஆய்வகத்திலிருந்து சொட்டுக்குழாயும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தேன். வெந்நீர் விட்டு ஊறவைத்து, ஊக்கு முனையால் நெருடி, ஊதி, மறுபடி நீர் விட்டு, மதியம் வரை அதே வேலை. கரைந்த சந்தனம் பூட்டிலிருந்து பால் மாதிரி ஒழுகியது. கடைசியில் ஸ்பிரிட் விட்டுக் காயவைத்து, பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளை உள்ளே ஊதினேன். இப்போது அடித்தபோது பின்கள் குதிப்பது விரலுக்குத் தெரிந்தது. ஆனாலும் திறக்கவில்லை. அவசரத்தில் என் கை வழக்கம்போல் கம்பியை இறுக்கியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், "ஏன் சார் இவ்ளோ அழுத்துறீங்க? கம்பிய என்கிட்ட குடுங்க, நீங்க அடிங்க" என்றார். சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி, இரண்டு விரலால் பிடித்தும் பிடிக்காமலும் கம்பியைத் தொட்டார். நான் அடித்தேன். ஏழாவதோ எட்டாவதோ அடியில் உருளை வழுக்கிக்கொண்டு திரும்பியது, வளையம் மேலே எழும்பியது. பீரோவைத் திறந்தோம். நடுத்தட்டில் சாவி கிடந்தது. அதன் பக்கத்தில், சீட்டு ஒட்டிய அந்தச் சுருண்ட கல். டீச்சர் கல்லை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரிவு விழா முடிந்து, பூமாலை வாடையும் பிரியாணி வாடையுமாக இருந்த அந்தச் சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். டீச்சர் அவளைப் புவியியல் அறைக்குக் கூட்டிப்போனார், என்னையும் வரச் சொன்னார். பீரோவைத் திறந்து கல்லைக் கையில் கொடுத்துவிட்டு, எதையும் மழுப்பாமல் சொன்னார். "ஒன்கிட்ட ஆறு வருஷமா பொய் சொன்னேன்மா. சாவிய உள்ள வச்சு நானே பூட்டிட்டேன். தெறக்க முடியல."

அந்தப் பெண் கல்லைப் பார்க்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு பூட்டையே பார்த்தாள். "நீங்க பூட்டல டீச்சர்" என்றாள். "அன்னைக்கு பெல் அடிச்சிடுச்சு. நீங்க கதவ மட்டும் சாத்துன்னு சொல்லிட்டு வராண்டாவுக்குப் போனீங்க. நான்தான் பூட்ட மாட்டி அமுக்குனேன். சாவி உள்ள இருக்கறது அப்புறந்தான் தெரிஞ்சுது."

வருஷா வருஷம் அவள் வந்து நின்றது கல்லுக்காக இல்லை. பூட்டு திறந்துவிட்டதா என்று பார்க்கத்தான். ஒவ்வொரு முறையும் புதுச் சந்தனத்தோடு அது அப்படியே தொங்கும். டீச்சருக்கு எல்லாம் தெரியும், தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? எனக்கா பயந்த?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

 டீச்சர், "நானும்தான்மா" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். போகும்போது அந்தப் பெண் கல்லை எடுத்துப் போகவில்லை. "இங்கயே இருக்கட்டும் டீச்சர், எல்லாரும் பாக்கட்டும். சாவி மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் டீச்சர் சிரித்தார்.

டீச்சர் இப்போது திருமானூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை ஃபோன் செய்து, எத்தனை பூட்டு திறந்தீர்கள் என்று கேட்பார். இதுவரை ஒன்பது என்பேன். அதில் ஒன்று என்னுடையது என்று திருத்துவார். அந்த பீரோ இன்று என் பொறுப்பில் இருக்கிறது, பூட்டும் பழைய பூட்டுதான். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அலுவலக உதவியாளர் வந்தால், பூட்டைத் திருப்பிப் பிடித்து, "முதுகுல வைங்க" என்கிறேன். பிள்ளைகளைப் பூட்டச் சொல்லும் முன் சாவி என் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அப்படியும் ஒரு நாள் சாவி உள்ளே போய்விடலாம், நான் ஒன்றும் ஞாபகசக்தியில் புலி இல்லை. போனால் திறந்துகொள்ளலாம், இழுப்பறையில் பிக் கன் இருக்கிறது. ஆனால் அதை வெளியே எடுப்பதற்கு முன்னால், யார் பூட்டினது என்று அன்றைக்கே, சிரித்த முகத்தோடு கேட்டுவிடுவேன். அதை மறந்துவிடக் கூடாது என்றுதான் ஊசியில் இருக்கும் அந்த மஞ்சள் துளியைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன்.