கிணத்துக்கடவு டு பைக்கால்: அம்மாவோடு உறைந்த ஏரி மேல்

இந்தப் பயணம் போன பிப்ரவரிக் கடைசியில் நடந்தது. ஊர் சுற்றுவதற்காகக் கிளம்பியது இல்லை. என்னை ஊருக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதற்காக என் அம்மா சைபீரியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் நடந்ததுதான் இந்தக் கதை.

கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்காக மூன்று வருடமாக ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரத்தில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் அப்பா இறந்த பிறகு கிணத்துக்கடவில் தென்னந்தோப்பையும் நாலு மாடுகளையும் அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். பிப்ரவரியில் லீவுக்குப் போனபோது, நான் பேச்செடுக்கும் முன்பே அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"கையெழுத்தெல்லாம் வேண்டாம் அம்மணி. நானே வந்து உன்ற சாமானக் கட்டிக் கூட்டிட்டு வந்தர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நேபாளத்துக்குக் கோயில் டூர் போக எடுத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட். ரஷ்யாவுக்கு இப்போது ஆன்லைனில் இ-விசா கிடைக்கிறது. ஒரு போட்டோ, பாஸ்போர்ட் ஸ்கேன், ஐம்பது டாலர் சொச்சம் கட்டணம், அவ்வளவுதான். நாலு நாளில் வந்துவிட்டது. மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

குளிருக்கான உள்ளாடைகளைத் திருப்பூரில் வாங்கினோம். ஐரோப்பாவுக்குத் தைத்து மிஞ்சிய தெர்மல், ஒரு செட் அறுநூறு ரூபாய். இதே துணி ரஷ்யாவில் நாலு மடங்கு விலை, அதனால் இங்கேயே வாங்கிவிடுங்கள். கோட்டையும் பூட்ஸையும் மட்டும் அங்கே போய் வாங்குங்கள். நம் ஊர் ஸ்வெட்டரெல்லாம் ஊட்டிக்குத்தான் சரி.

கோவையிலிருந்து ஷார்ஜா நாலு மணி நேரம், அங்கிருந்து மாஸ்கோ ஐந்தரை, பிறகு உள்நாட்டு விமானத்தில் இர்குட்ஸ்க் ஆறு மணி நேரம். வரைபடத்தில் இர்குட்ஸ்க் நமக்கு வடகிழக்கில் இருக்கிறது. ஆனாலும் மேற்கே மாஸ்கோ வரை போய்த் திரும்பி வர வேண்டும். போக வர ஆளுக்கு எண்பதாயிரம் ரூபாய் ஆனது. அம்மாவுக்கு இதுதான் முதல் விமானம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. "கீழ வெறும் வெள்ளையா இருக்குது, மேகமா மண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டுமில்லை, பனி என்றேன்.

இர்குட்ஸ்கில் இறங்கியபோது மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. முதல் மூச்சிலேயே மூக்குக்குள் முடி விறைத்துக் குத்தும். அம்மா சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், 'இந்த ஊர்லயா இருக்கறே?' என்ற கேள்வி முழுசாக இருந்தது. வீட்டுக்குள் நேர்மாறு. நகரம் முழுவதற்கும் குழாயில் வெந்நீர் அனுப்பி வீடுகளைச் சூடாக்குகிறார்கள், அதைக் குறைக்க நம்மால் முடியாது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறேன். அம்மா அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். என் ஒற்றை அறையையும் நாலு பாத்திரங்களையும் பார்த்தார். மறுநாளே அட்டைப் பெட்டிகள் கேட்டார்.

"கட்டலாம்மா. அதுக்கு முன்னாடி மூணு நாள் குடு. ஒரு ஏரியப் பாத்துட்டு வந்தர்லாம்," என்றேன்.

"ஏரியப் பாக்கவா இத்தனை தூரம் வந்தேன்? நம்மூர்ல இல்லாத ஏரியா?"

இல்லாத ஏரிதான். பைக்கால் ஏரியின் ஆழமான இடம் ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். உலகத்தில் உறையாமல் இருக்கும் நல்ல தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது. நான் இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. எங்கள் தோட்டத்தில் ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டு, வெறும் புழுதி பறந்ததைப் பார்த்தவர் அவர்.

ஏரிக்குள் ஒல்கோன் என்று ஒரு தீவு இருக்கிறது. இர்குட்ஸ்கிலிருந்து அங்குள்ள ஹுஜிர் கிராமத்துக்கு முந்நூறு கிலோமீட்டர். பஸ் நிலையத்திலிருந்து ஷேர் வேன் காலை எட்டரைக்குப் புறப்பட்டது. டிக்கெட் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபிள். (ஒரு ரூபிள் ஏறக்குறைய ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபம்.) வெயில் பளிச்சென்று அடித்தது. வழி நெடுக வெள்ளைப் புல்வெளி, அதில் ரோமம் தொங்கும் மாடுகள் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. "இந்தக் குளுருல கொட்டாயி இல்லாம உட்டுட்டானே!" என்று அம்மா வேனுக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டார்.

மதியம் கரையை அடைந்தோம். அங்கிருந்து தீவுக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலேயே ரோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் குச்சி நட்டு, எடை வரம்புப் பலகையெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஐஸில் இறங்கும் முன் சீட் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார் டிரைவர். ஏன் என்று கேட்டார் அம்மா. வண்டி உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வருவதற்கு என்று நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. தீவு வரும் வரைக்கும் என் மணிக்கட்டை விடவே இல்லை.

ஹுஜிரில் தங்கும் விடுதி மர வீடு, ஓர் அறைக்கு நாலாயிரம் ரூபிள். சமையலறையைக் கொடுத்தார்கள். அம்மா கொண்டுவந்த அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் செய்து, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் தீவின் வட முனைக்கு, ஹொபோய் என்ற இடத்துக்குப் போனோம். ஐஸ் மேலேயே நாற்பது கிலோமீட்டர். ரொட்டி மாதிரி உருண்டையாக இருக்கும் பழைய வேனில் கூட்டிப்போகிறார்கள், மதிய மீன் சூப்போடு ஆளுக்கு மூவாயிரம் ரூபிள். டிரைவர் பேர் பாயர், ஐம்பது வயதிருக்கும், அந்தப் பக்கத்துப் புர்யாத் இனத்தவர். எங்களைத் தவிர நொவோசிபிர்ஸ்க் நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. அம்மா ஏற உதவிய பாயர், "வாங்க மாமா, வாங்க" என்கிற மாதிரி ரஷ்ய மொழியில் சொன்னார்.

"என்னைய எதுக்கு அந்தத் தம்பி மாமாங்குது?"

"இங்க அம்மாவத்தான் மாமான்னு கூப்புடுவாங்கம்மா."

அம்மா சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது. அப்புறம் நாள் முழுக்க அவர் எல்லோருக்கும் மாமாதான்.

கிராமம் தாண்டியதும் பாயர் வண்டியை நிறுத்தினார். பிளாஸ்கிலிருந்து ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி, விரலில் தொட்டு நாலு திசையிலும் தெளித்தார். ஏரிக்குக் கொடுக்காமல் அவர்கள் கிளம்புவதில்லை. அம்மா ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தார். "பாலா அது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போய்க் கையை நீட்டினார். பாயர் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தைக் கொடுத்தார். மிச்சப் பாலை அம்மா ஐஸ் மேல் மெதுவாக ஊற்றினார்.

பதினைந்து கிலோமீட்டர் போனதும் பனித்தூள் இல்லாத இடம் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இன்னமும் தெரியவில்லை. காலடியில் மூன்று அடி கனத்துக்குக் கண்ணாடி, அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். ஐஸுக்குள் வெள்ளை வெள்ளையாகக் காற்றுக் குமிழ்கள் அடுக்கடுக்காக உறைந்து நின்றன. வெயில் பட்ட விரிசல்கள் நீலமாகவும் பச்சையாகவும் ஆழத்துக்கு இறங்கிப் போயின. அப்போது எங்கோ தூரத்தில் ஆரம்பித்து எங்கள் காலுக்கடியில் ஓடி மறைந்தது ஒரு சத்தம், இடியும் இல்லாமல் யானைப் பிளிறலும் இல்லாமல். ஐஸ் விரியும் சத்தம் அது. நான் பலமுறை வந்தவள், அப்போதும் ஓரெட்டுப் பின்வாங்கினேன்.

அம்மா குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னம்மா பண்றே?"

"தண்ணி மேல செருப்போட நிக்கச் சொல்றியா?"

கால் விரல் போய்விடும் என்று கெஞ்சித் தடுத்தேன். அப்படியே மண்டியிட்டு, கையுறையை உருவி, ஐஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எத்தன அடின்னு சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். இம்முறை நம்பினார்.

ஹொபோய் முனையைப் பார்த்து, சூப் குடித்துத் திரும்பும்போது காற்று மாறிவிட்டது. தரையோடு பனித்தூள் பறக்க ஆரம்பித்தது. பாதி வழியில் பாயர் பிரேக் போட்டார். காலையில் நாங்கள் தாண்டிய ஒரு கோடு அளவு விரிசல், இப்போது இரண்டடி அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. அதில் தண்ணீர் ஏறி இறங்கியது. கரையோரம் ஐஸ் நொறுங்கிக் குவிந்திருந்ததால் அங்கேயும் ஏற முடியாது. பாயர் கடப்பாரையால் ஓரத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்து போய், ஓரிடத்தில் நின்றார். வேன் கூரையிலிருந்து இரண்டு தடிப் பலகைகளை இறக்கிப் பிளவு மேல் போட்டார். ஆட்கள் முதலில் நடந்து தாண்ட வேண்டும், வண்டி பிறகு தனியாக வரும் என்றார்.

அந்த ஜோடி கைகோத்துத் தாண்டிவிட்டது. அடுத்தது நான். பலகையில் ஒரு கால் வைத்தேன். கீழே கறுப்பாக அந்தத் தண்ணீர். கால் நகரவில்லை. மூன்று வருடம் இந்த ஊரில் இருந்தவள், அம்மாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வந்தவள், அழுகை வராத குறையாக நின்றேன். பாயர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை.

அம்மா என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, கோட்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் தாண்டுகிற மாதிரி இரண்டே எட்டில் போய்விட்டார். திரும்பி நின்று கையை நீட்டினார்.

"என்ற மூஞ்சியப் பாரு. கீழ பாக்காத. அக்கட்டால வந்துரு அம்மணி."

வந்துவிட்டேன். பிறகு பாயர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேனை வேகமாக ஓட்டி வந்தார். முன் சக்கரங்கள் தாண்டின. பின் சக்கரம் ஒன்றின் கீழ் ஐஸ் ஓரம் உடைந்தது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தண்ணீர் மேலே தெறித்தது. "ஐயோ சாமி!" என்று அம்மா கத்தினார். இன்ஜின் உறுமியது, பலகை ஒன்று துள்ளி விழுந்தது, வேன் எங்கள் பக்கம் ஏறிவிட்டது. பாயர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார். அந்தக் குளிரில் வியர்வை!

நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்க, அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் பிளவோரம் உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய் இழுத்தேன். பைக்கால் தண்ணீரை அப்படியே குடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த இடம்! அம்மாவின் முகத்தில் பயமே இல்லை.

"சிறுவாணித் தண்ணியாட்டவே இருக்குது கண்ணு," என்றார்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் ஊரில் ஒரு தண்ணீரை இதற்கு மேல் புகழ முடியாது.

அன்று விடுதிக்குத் திரும்பியதும், பக்கத்திலேயே வீடு உள்ள பாயரின் மனைவி உப்புப் போட்ட பால் டீ கொண்டுவந்து கொடுத்தார். அம்மா இரண்டு கிண்ணம் குடித்தார். மறுநாள் காலை, இர்குட்ஸ்க் வேனுக்குக் காத்திருக்கையில், ஏரியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"நேத்து நீ பயந்து நின்னியே, அப்பத்தான் எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. இவ இங்க தனியா இப்புடி நின்னா கை குடுக்க யாரு இருக்காங்கன்னு."

நான் பைகளை ரோட்டோரமாக நகர்த்தி வைத்தேன்.

"ஆனா வண்டி வந்ததும் நீ அந்தத் தம்பிகிட்ட போயி, அவுங்க பாசையில என்னமோ சத்தம் போட்டே. அதுவுந் தலையத் தலைய ஆட்டிக் கேட்டுக்கிச்சு. அப்பறம் ரெண்டு பேருஞ் சிரிச்சீங்க. என்ன சொன்னே?"

"பலகை இன்னும் நீளமா வெச்சுக்கணும்னு திட்டுனேம்மா."

அம்மா ஏரியை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "கையெழுத்துப் போட்டுரு. ரெண்டு வருசம். அதுக்கு மேல ஒரு நாளு ஆகாது," என்றார். "நாலு மாட்ட வெச்சுட்டு ஒருத்தியா முடியறதில்ல. ரெண்டக் குடுத்துப்போடறேன்."

மாட்டை விற்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை, வேன் வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நம் வங்கி அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்யாது, டாலரோ யூரோவோ பணமாகக் கொண்டுபோய் மாற்றுங்கள். பைக்கால் ஐஸுக்குப் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை சரியான சமயம். ஐஸ் ரோடு எப்போது திறக்கும், மூடும் என்பதை விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள். போன் குளிரில் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், கோட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் டிரைவர் இல்லாமல் ஐஸ் மேல் போகவே போகாதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். பிளவோரம் மட்டும் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாடு போய்விட்டது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே மாதம் ஐஸ் உடைய ஆரம்பித்ததும் ஏரிக்கரைக்குப் போய் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பெரிய பெரிய பாளங்கள் காற்றில் நகர்ந்து, கரையில் மோதி, ஊசி ஊசியாக நொறுங்கிச் சலசலத்தன. அவற்றுக்கு நடுவே முதல் முறையாகத் திறந்த தண்ணீர் நீலமாக அசைந்தது. அந்தப் பக்கம் அம்மா தோட்டத்தில் நின்றிருந்தார், பின்னால் மாடு கத்துவது கேட்டது. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை வலிக்க ஆரம்பித்ததும், "சரிம்மா, வெச்சரட்டுமா?" என்றேன்.

"வெச்சுராத கண்ணு," என்றார். "இன்னுங் கொஞ்ச நேரம் காட்டு."