யோசிச்சுச் சொல்றேங்க

அவருக்கு ஊரில் 'சரிங்க' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கூலி வேலைக்கு யார் கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். வாய்க்கால் வெட்டணும். சரிங்க. சாக்கடை அடைச்சிருக்கு. சரிங்க. கூலி அடுத்த வாரம். அதற்கும் சரிங்க. ஒருமுறை ஒரே காலைக்கு இரண்டு பேருக்குத் தலையாட்டிவிட்டு, இங்கே பாதி வேலி, அங்கே பாதி வேலி என்று கட்டினார். இரண்டு இடத்திலும் ஆடு புகுந்தது. இரண்டு பேரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"தலையாட்டுறதுக்குன்னு தனியா கூலி இருந்தா, நாம எப்பவோ மாடி வீடு கட்டியிருப்போம்," என்பாள் மனைவி. அவள் களையெடுக்கப் போகிறவள். வாய்க்கு அஞ்சாதவள்.

மனிதர் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்திருக்கிறார். காலி அரிசிப் பானைதான் அவரை மிரட்டியது. நடவு முடிந்து அறுவடை வருகிற வரைக்கும் அந்தப் பக்கத்தில் வேலையே இருக்காது. அந்த மாதங்களில், ஊரில் பாதி நிலம் வைத்திருக்கும் தோட்டக்காரர் வீட்டு வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். தோட்டக்காரர் முன்பணம் கொடுப்பார். பதிலுக்கு அறுவடை முழுக்கப் பாதிக் கூலிக்கு வர வேண்டும். வருஷா வருஷம் இதே கதை. அவர் குனிந்து அறுத்த கதிரெல்லாம் எப்போதோ தின்று தீர்த்த சோற்றுக்குத்தான் போயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மாசாமாசம் உங்க போனுக்குப் பணம் வரும்க்கா. திருப்பித் தர வேணாம். என்ன செலவு பண்றதுன்னு நீங்களே பாத்துக்கலாம்."

"சரிங்க," என்றார் அவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மனைவி. "ஏம்மா, கிட்னி எதுவும் கேப்பீங்களா?"

"ஐயோ, இல்லக்கா."

"எங்கயாவது கூட்டத்துக்கு வந்து கை தட்டணுமா?"

"ஒண்ணுமே செய்ய வேணாம்க்கா."

"அப்ப எங்கயோ இடிக்குது," என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஆனாலும் போன் நம்பரைக் கொடுத்தாள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போன்தானே, அதிலிருந்து யார் எதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட முடியும்?

மளிகைக்கடைக்காரருக்கு இதில் உடன்பாடே இல்லை. "சும்மா காசு குடுத்தா ஆளுங்க சோம்பேறியாயிடுவாங்க," என்று நாற்காலியில் சாய்ந்தபடி விசிறிக்கொண்டே சொன்னார். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததை அன்று யாரும் பார்க்கவில்லை.

பணம் வந்தது. போனில் வந்த செய்தியைப் பள்ளிக்கூடம் போகிற மகள் படித்துக் காட்டினாள். நம்பாமல் மறுபடி படிக்கச் சொன்னார்கள். மறுநாள் சந்தைத் தெருவில் பணம் எடுத்துக் கொடுக்கும் கடைக்குப் போனார்கள். நோட்டு கைக்கு வந்த பிறகும், பின்னாலிருந்து யாராவது "ஏய், அது உனக்கில்ல" என்று ஓடி வருவார்கள் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மனைவி பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "முதுகுப் பிடிப்பாம்மா? எண்ணெய் தேய்ச்சுப் பாரு," என்று கரிசனமாகச் சொன்னாள்.

முதலில் ஒரு மூட்டை அரிசி வாங்கினார்கள். அன்றாடம் பொட்டலமாக வாங்கிப் பழகிய வீட்டில் அந்த மூட்டை பெரிய மனிதர் மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. போகிறபோது வருகிறபோதெல்லாம் அவர் அதைத் தட்டிக் கொடுத்தார். ரொக்கமாகக் கொடுத்து வாங்கியதில் மளிகைக்கடைக்காரரும் மாறிப் போனார். "வாங்கண்ணே," என்றார் ஒரு நாள். இவர் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

பிறகு கூரைக்குத் தகரம் வந்தது. மழை நாளில் எந்தச் சட்டியை எங்கே வைப்பது என்கிற சண்டை அதோடு நின்றது. மனைவி வருஷக்கணக்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள், டவுனுக்குப் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் வலியோடுதான் அவ்வளவு பேசினாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வலி போன பிறகு கேட்கவே வேண்டாம்.

அவரும் ஒன்று வாங்கினார், யாரையும் கேட்காமல்: கை வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.

"இதுல யாரு உக்காரப் போறது? கலெக்டரா?" என்று மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அரிசியில் கல் பொறுக்க அதில் உட்கார்ந்தாள். அதன் பிறகு வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. வாங்கியவர் பழையபடி வாசற்படியில்.

எல்லாமே கைகூடியது என்று சொல்ல முடியாது. வாங்கிய ஆடுகளில் ஒன்று எதையோ மேய்ந்து வயிறு ஊதிச் செத்தது. அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கத்திரிக்காய் போட்டார்கள். காய் வருகிற நேரம் பார்த்து விலை படுத்துவிட்டது. விற்காத காயைத் தின்றே தீர்த்தார்கள். கடைசியில் சின்ன மகன் தட்டைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தான். இரண்டாவது முறை நாற்று நட்டபோது விலையும் செடியும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தன.

வேலையில்லாத மாதங்கள் வந்தன, போயின. அந்த வருஷம் அவர் தோட்டக்காரர் வாசலுக்குப் போகவில்லை. போகவில்லை என்பதே அறுவடை நெருங்கியபோதுதான் அவர் புத்தியில் பட்டது.

"இந்தத் தடவை முன்பணம் வாங்கல. முழுக் கூலி கேளுங்க," என்றாள் மனைவி.

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்."

ஒத்திகை நடந்தது. மகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டக்காரர் மாதிரி வயிற்றைத் தள்ளி நின்றாள். "டேய், திங்கக்கிழமை வந்துடு."

"சரிங்க," என்றார் அப்பா.

மகள் சிரித்துத் தரையில் உருண்டாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசி வரைக்கும் 'முடியாது' என்ற சொல் அவர் நாக்கில் ஏறவில்லை. சரி, அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தோட்டக்காரரின் பைக் காலையில் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

"டேய், திங்கக்கிழமை அறுப்பு. வழக்கமான கூலிதான். வந்துடு."

வாய் திறந்தது. பழைய சொல் பல் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றார்.

தோட்டக்காரர் எஞ்சினை நிறுத்தினார். "என்ன சொன்ன?"

"திங்கக்கிழமை நம்ம செடிக்குத் தண்ணி பாய்ச்சணுங்க. மத்தவங்களுக்குக் குடுக்கிற கூலி குடுத்தீங்கன்னா, செவ்வாய்க்கிழமையிலேருந்து வந்துடறேங்க." பைக்கின் முன் சக்கரத்திடம்தான் இத்தனையும் சொன்னார். அதன் முகத்தைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க."

தோட்டக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மும்முரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இவர் படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "இனிமே கூப்பிடவே மாட்டாரு. நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்," என்று எழுந்தவர் சட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. மனைவி அதைத் துவைக்கப் போட்டிருந்தாள். இன்னொன்றையும் துவைக்கப் போட்டிருந்தாள்.

"கூப்பிடாட்டி போறாரு. மூட்டையில அரிசி இருக்கு," என்றாள்.

இரண்டு நாள் சட்டையில்லாமல் வீட்டுக்கும் கத்திரிக்காய் நிலத்துக்குமாக நடந்தார். மூன்றாம் நாள் பைக் வந்தது. "என்னப்பா, செவ்வாய்க்கிழமை வந்துடு. முழுக் கூலிதான்," என்று தோட்டக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். 'டேய்' எப்போது 'என்னப்பா' ஆயிற்று என்று அன்று முழுக்க இவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில் குடைக்காரப் பெண் திரும்பவும் வந்தாள். பணத்தால் என்ன மாறியது என்று கேட்டாள். அவர் கூரையைக் காட்டினார், ஆட்டைக் காட்டினார். மகள் களையெடுக்க வராமல் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவதைச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா," என்றாள் மனைவி. "இவரு இப்ப குறட்டை விடறாரு. முன்னெல்லாம் படுத்தா கூரையையே பாத்துக்கிட்டுக் கிடப்பாரு. இப்ப தலை சாய்ஞ்சா போதும். எனக்குத்தான் தூக்கம் போச்சு. அதையும் எழுதிக்க."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த மாசத்தோட நின்னுடும்க்கா," என்றாள்.

"தெரியும்மா. சொல்லித்தானே குடுத்தீங்க."

மனைவி அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, போன் சத்தமே போடாத முதல் மாதம் ஆளாளுக்கு அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். குறட்டையும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் ஆட்டுக்குட்டி ஒன்றை விற்றார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது. வளர்கிற கால் என்று மனைவி இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து எடுத்தாள். மறுநாள் மகள் அதைப் போட்டுக்கொண்டு சடக்குச் சடக்கென்று நடந்து போனாள். தெருமுனை தாண்டுகிற வரைக்கும் சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகு அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலத்துக்குக் கிளம்பினார்.