தாங்கியின் விளிம்பில் ஒரு வகுத்தல்

நடுவில் ஒழுங்காக ஓடும் புரோகிராமை எவரும் எழுதலாம். விளிம்பில் விழாததை எழுதத்தான் எங்களுக்குச் சம்பளம். கோட் எழுதி அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுரக்கும் ஜெனரேற்றர்

கொட்டாஞ்சேனையில் மீன் குளிர் அறை வைத்திருக்கும் அன்ரனி அண்ணனுக்கு, ஜெனரேற்றர் இன்னும் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று சொல்லும் புரோகிராம் வேண்டும். டீசல் தாங்கியின் அடி கோணல். அதனால் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் எத்தனை லீற்றர் என்று அளந்து, நூறு வரை அவரே பட்டியல் போட்டுத் தந்தார்.

மட்டம் இறங்கும் வேகத்தை லீற்றர் செலவாக மாற்ற, சென்ரிமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று தெரிய வேண்டும். அதற்கு இருக்கிற மட்டத்துக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து பார்த்து, வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தேன். தாங்கி நிரம்பியிருந்த அன்று அது நூற்றைந்தைத் தேடியது. பட்டியலில் இல்லாததால் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. செலவு மறைப் பெறுமானத்தில், பூச்சியத்துக்கும் கீழே வந்தது.

"தம்பி, உங்கட கணக்குப்படி என்ர மெசின் டீசல் குடிக்கேல்ல, சுரக்குது. நான் பெற்றோல் ஷெட் ஒண்டு திறக்கலாம் போல."

பதினாறு மணித்தியாலம்

அன்றைக்கே திருத்தினேன். நூறைத் தாண்டினால் நூறிலேயே நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான். பெருமையோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை, குளிர் அறை முட்ட மீன். அண்ணன் தாங்கியை நிரப்பி, மெசினை ஓட்டிப் பார்த்துவிட்டு போன் எடுத்தார். ஸ்கிரீனில் பதினாறு மணித்தியாலமாம்.

"இது எட்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடினதே இல்ல. பதினாறெண்டதை நம்பி நான் வீட்டுக்குப் போனா, பெரிய வெள்ளிக்கு சனம் எதைச் சாப்பிடுறது?"

ரிஃப்காவின் கேள்வி

தெஹிவளையிலிருந்து வரும் ரிஃப்கா எங்கள் அலுவலகத்தில் பிழை கண்டுபிடிப்பவர். எல்லாச் சோதனையும் சரி என்று நான் நீட்டிய தாளைப் பார்த்தார். நாற்பது, ஐம்பது, அறுபது சென்ரிமீற்றர், எல்லாம் நடுப்பகுதி. பிறகு வகுக்கும் வரியில் விரலை வைத்தார்.

"மேல போக வழியில்லாம அஞ்சுதான் நடந்தீக்கிறீங்க. பிறகு ஏன் பத்தால வகுக்கிறீங்க?"

மூன்று சென்ரிமீற்றர்

செலவு பாதியாகி நேரம் இரட்டித்தது அதனால்தான். விளிம்பில் உள்பக்கம் மட்டும் பார். உண்மையில் நடந்த தூரத்தால் மட்டும் வகு. இரண்டு வரி, வேலை முடிந்தது. அடுத்த புதன்கிழமை காலை தெருவில் ட்ரான்ஸ்போமர் எரிந்தது. நிரம்பிய தாங்கிக்கு எட்டு மணித்தியாலம் என்றது ஸ்கிரீன். பின்னேரம் டீசல் கொண்டுவரும் பவுசர் லொறி சந்தி நெரிசலில் மாட்டிக்கொண்டபோது தாங்கியில் மூன்று சென்ரிமீற்றர்தான் மிச்சம், இந்த முறை கீழ் விளிம்பு. கால் மணித்தியாலம் என்றது ஸ்கிரீன். அண்ணன் அளவுக்கம்பை விட்டுப் பார்த்தார், கம்பும் அதையே சொன்னது. உடனே த்ரீவீலரில் கான்களை அனுப்பிப் பவுசரிலிருந்தே பிடித்து வரச் செய்தார். மெசின் ஒருமுறைகூட இருமவில்லை, மீனும் தப்பியது. கம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கம்பை எறிய மாட்டன் தம்பி. ஆனா இனி ஸ்கிரீனைப் பாத்துத்தான் கம்பு சரியோ எண்டு பாப்பன்."

ஐந்து நடந்துவிட்டுப் பத்து நடந்ததாக எழுதாவிட்டால் எங்கள் தொழிலில் பாதிப் பிழை வராது. மற்றப் பாதிக்கு ரிஃப்கா இருக்கிறார்.