சும்மா நடக்கப் போன இடம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை. குரொய்டனிலிருந்து கூல்ஸ்டன் போகும் பேருந்தின் மாடியில் இருக்கிறேன். எனக்கு வேலை ஷிப்ட் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பயந்து, கூல்ஸ்டன் புல்மேடுகளில் தனியே நடக்கப் போகிறேன். விழாவில் ஒரு வயதுக் குழந்தை குதிரை வண்டியில் வந்து இறங்குமாம். நாங்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டுமாம்.

பின் இருக்கையிலிருந்து, எங்கள் நோர்பரி மரக்கறிக் கடை அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"தம்பி, இந்தப் பக்கம் எங்கை?"

"சும்மா நடக்கப் போறன், அக்கா."

"அங்கை கோயில் இருக்கோ?"

"இல்லை."

"சொந்தக்காரர்?"

"ஒருத்தரும் இல்லை. புல்லுத்தான்."

அக்கா என் சேற்றுச் சப்பாத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். "எனக்கு ஒளிக்காதையும். வீடு பாக்கத்தானே போறீர்?"

இறங்கி, சுண்ணாம்புக் கல் பாதையில் பாதி மேடுகூட ஏறவில்லை, மனைவி தொலைபேசியில் அழைக்கிறாள்.

"மரக்கறிக் கடை அக்கா இப்பதான் போன் எடுத்தவ. ஷிப்ட் எண்டு சொல்லிப்போட்டுக் களவாய் வீடு பாக்கிறியளாம்?"

"இல்லையப்பா, புல்லுக்குள்ளை நடக்கிறன்."

"ஆருக்குக் கதை விடுறியள்? பஸ் ஏறிப் போய் ஆரும் சும்மா நடப்பினமோ? எத்தினை அறை?"

மேயும் மாடுகள் இரண்டு தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கின்றன. உண்மையை நம்ப வைக்க எனக்கு வாய் போதாது.

"மூண்டு," என்கிறேன்.

எழுதியது: அடுத்த சனிக்கிழமை, அந்த வீட்டைப் பார்க்க அவள் புதுச் சேலை உடுத்திக்கொண்டு வாசலில் நிற்கும் நேரம்.